சிம்னிக்கார மரியசூசையின் ரத்தம் மலையிறங்கின கதை

எழுபத்திநாலாம் வருசத்துப் பனிக்காலத்தில் அடைக்கலமேரியின் வீட்டு வாசலில், தண்ணி டிரம்முக்குப் பின்னால், இரண்டு மூன்று நாளைக்கு ஒருதரம் ஒரு தகர டின் நிறையக் கரி இருக்கும். எரிந்து அடங்கிய நல்ல கட்டைக் கரி. சாம்பல் சலித்து, தூசி தட்டி, கையில் எடுத்தால் கிண்ணென்று இருக்கும். கரியைக் கொட்டிக்கொண்டு டின்னை அங்கேயே வைத்தால், இரண்டு மூன்று நாளில் ஒரு விடியலில் அது மறுபடி நிறைந்திருக்கும்.

அவள் புருசன் செபஸ்தியான் தைல மரம் ஏற்றுகிற லாரியில் வேலைக்குப் போய், கட்டை உருண்டு மார்பில் விழுந்து செத்த வருசம் அது. மூஞ்சிக்கல் பகுதிக்குக் கீழே ஒற்றை அறை வீடு. கூட இரண்டு பெண்பிள்ளைகள். கொடைக்கானல் பனியில் நெருப்பில்லாத வீட்டில் பிள்ளைகளை வைத்திருப்பது என்ன பாடு என்பது மலையில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

கோயில் சபைக்காரர்கள்தான் அனுப்புகிறார்கள் என்று நினைத்தாள். ஒரு ஞாயிறு பூசை முடிந்து சபைத் தலைவரிடம் போய்க் கும்பிட்டாள். அவர் முழித்தார். "நாங்க அரிசிதாம்மா குடுக்கிறது. கரி குடுக்கிற வழக்கம் இல்லையே." அப்படியானால் அந்தோணியார்தான் என்று முடிவு செய்து, அவருக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்தாள். பனி முடிந்தது. டின்னும் வராமல் நின்றுபோனது.

பல வருசம் கழித்துத்தான் அந்த அந்தோணியார் யார் என்று தெரிந்தது. அதற்குள் அவள் மிசன் ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்திருந்தாள். ரத்தம் சோதிக்கிற அறையில் கண்ணாடிக் குழாய்களைக் கழுவுவது, ஊசிகளைக் கொதிக்கவைப்பது அவள் வேலை. ஆஸ்பத்திரிக் கணப்பின் சிம்னியை அடிக்க ஒரு ஆள் வந்தார். குள்ளமான, ஒடிசலான மனுசர். உள்ளேயிருந்து கரியை வாரிக்கொண்டு வந்து வைத்த டின்னைப் பார்த்ததும் அவளுக்குக் கை நின்றுவிட்டது. கைப்பிடி ஒடிந்து, அந்த இடத்தில் கயிற்றை முறுக்கிக் கட்டியிருந்தது. அதே டின். அதே கயிறு.

"அண்ணே, இந்த டின்னு..."

அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "கரிதானே ஆயாம்மா. பங்களாக்காரங்க குப்பையில கொட்டுன்னு சொல்றது. குப்பையக் கொண்டாந்து உங்க வாசல்ல கொட்டுனதுக்கு நீங்க சண்டைக்கில்ல வரணும்?" என்று சொல்லிவிட்டு டின்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவர் எடுக்கவிடவே இல்லை.

அவர்தான் சிம்னிக்கார மரியசூசை.

பண்ணைக்காட்டுக்காரர். அப்பா காப்பித் தோட்டத்தில் கூலி. வாலிப வயதில் மலை ஏறி வந்து ஒரு கொத்தனாரிடம் சித்தாளாகச் சேர்ந்தார். ஒருநாள் கொத்தனாரின் கரண்டி சிம்னிக்குள் விழுந்துவிட்டது. ஆள்களிலேயே ஒல்லியானவர் இவர்தான் என்று இடுப்பில் கயிறு கட்டி உள்ளே இறக்கினார்கள். கரண்டியோடு மேலே வந்தவரைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள், கண்ணும் பல்லும் தவிர ஆளைக் காணோம். அன்றிலிருந்து எந்தப் பங்களாவில் கணப்பு புகைந்தாலும், "மரியசூசையக் கூப்பிடு" என்று ஆகிவிட்டது. சீசன் முடிந்து, மழையும் ஓய்ந்து, பனி இறங்குவதற்கு முன்னால் அவருக்கு ஓய்வே கிடையாது. ஒரு நீளக் கயிறு, பனைநாரில் கட்டிய பிரஷ், அந்த டின். சொத்து அவ்வளவுதான்.

பீடி சிகரெட் தொட்டதில்லை. "வேலையிலயே வேணும்கிற புகை கெடைக்குது, அதைப் போயி காசு குடுத்து வாங்கணுமாக்கும்" என்பார்.

அவர் வீட்டுக்காரி குருசம்மாள். கலியாணத்தின்போது நல்ல கண். பத்து வருசத்துக்குள் கண்ணில் அழுத்தம் ஏறி, ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டே வந்து, கடைசியில் விளக்கணைத்த மாதிரி போய்விட்டது. பிள்ளையும் இல்லை. மரியசூசை தன் பழைய சிம்னிக் கயிறுகளைத் தூர எறிவதில்லை. வீட்டுக்குள்ளிருந்து அடுப்படிக்கு ஒன்று, குழாயடிக்கு ஒன்று, கக்கூசுக்கு ஒன்று என்று இடுப்பு உயரத்தில் இழுத்துக் கட்டிவிடுவார். எந்தக் கயிறு எங்கே போகிறது என்று தெரிய, பிடிக்கிற இடத்தில் ஒரு அடையாளம் இருக்கும். அடுப்படிக் கயிற்றில் சிரட்டைத் துண்டு. குழாயடிக் கயிற்றில் சோடா மூடி. கக்கூசுக்குப் போவதில் வெறும் முடிச்சு.

குருசம்மாளுக்கு வாய் கொஞ்சம் நீளம். "ஊருல மாட்டத்தான் கயித்துல கட்டுவாக. எங்க வீட்டுக்காரரு வீட்டையே கட்டிப் போட்டிருக்காரு, எங்கயும் ஓடிப்போயிரக் கூடாதுன்னு" என்பாள். சாயங்காலம் அவர் வந்து வாசலில் கால் வைக்குமுன்னே, கரிவாசனையை வைத்தே, "கரிச்சட்டி வந்துருச்சா?" என்று குரல் கொடுப்பாள்.

எண்பத்திரண்டில் அவருக்கு இருமல் தொடங்கியது. சிம்னிக்காரனுக்கு இருமல் என்ன அதிசயம் என்று அவரும் விட்டுவிட்டார், மற்றவர்களும் விட்டுவிட்டார்கள். எச்சிலில் ரத்தம் வந்தபோது எல்லாரும் டி.பி. என்றுதான் நினைத்தார்கள். மாத்திரை சாப்பிட்டும் கேட்கவில்லை. படம் எடுத்துப் பார்த்து, மதுரைக்கு அனுப்பி, அங்கே நுரையீரலில் கட்டி என்று சொல்லி, முதுகுப் பக்கமாக நெஞ்சைத் திறந்து ஒரு பக்கத்தில் பாதியை வெட்டி எடுத்தார்கள். ஆபரேசன் முடிந்து மலைக்குத் திரும்பி வந்தபோது, ஏற்கெனவே ஒடிசலான மனுசர் துணி காயப்போடுகிற கம்பி மாதிரி இருந்தார்.

வேலை நின்றுபோனது. கரிவாசனையும் போனது. "யாரோ வெள்ளை வேட்டிக்காரரு வந்து என் பக்கத்துல படுத்துக் கெடக்காரு, அக்கம்பக்கத்துல சொல்லிறாதீங்க" என்று குருசம்மாள் அடைக்கலமேரியிடம் சொல்லிச் சிரித்தாள். அவர் சிரிக்கப் போய், சிரிப்பு இருமலாகி, வெகுநேரம் அடங்கவில்லை.

மிசன் ஆஸ்பத்திரி டாக்டர், கன்னியாஸ்திரி சிஸ்டர் இஞ்ஞாசியா பொறுமைசாலி. எதையும் புரியும்படி சொல்லுவார்.

"மரியசூசை, இந்த மாதிரிக் கட்டியில சிலது ரத்தத்துல ஒரு சாமானை உதுத்துக்கிட்டே இருக்கும். முட்டையில பருப்புல புரதம் இருக்குன்னு சொல்றோம்ல, அந்த வகையில ஒண்ணு. ஆபரேசனுக்கு முந்தி ஒங்க ரத்தத்துல அது இருபதுக்கு மேல இருந்துச்சு. வெட்டி எடுத்தப்புறம் நாலுக்கு எறங்கிருச்சு. அப்பப்ப ரத்தத்த எடுத்துப் பாத்துக்கிட்டே இருக்கணும். அது மறுபடி ஏறுதுன்னா கட்டி மறுபடி எங்கயோ வேலையக் காட்டுதுன்னு சந்தேகப்படணும்."

"மேல வர்ற புகையப் பாத்து, கீழ என்ன வெறகு எரியுதுன்னு சொல்றாப்புல."

"அதேதான். ஆனா அது ஒத்தச் சாட்சிதான். அதை மட்டும் வெச்சுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது."

"அந்தப் புரதம் எல்லாருக்கும் இருக்குமா சிஸ்டர்?"

"தாய் வயித்துல கெடக்கிற சிசுவுக்கு நெறைய இருக்கும். பொறந்தப்புறம் அனேகமா இல்லாமப் போயிரும். இந்தக் கட்டி வந்தா மறுபடி தலையெடுக்குது. ஏன்னு இன்னும் முழுசாத் தெரியல."

இதை வீட்டில் போய்ச் சொன்னார். குருசம்மாள் விடுவாளா? "எனக்குத் தராத புள்ளைய இம்புட்டு நாளா நெஞ்சுக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தீகளாக்கும்" என்றாள். சொல்லிவிட்டு அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். வெட்டிய தழும்பு அவள் விரலுக்கு மனப்பாடம்.

எண்பத்திநாலு தொடக்கத்தில் இருமல் மறுபடி வந்தது. அதே சமயத்தில் இன்னொரு சேதியும் வந்தது. வத்தலக்குண்டுக்குப் பக்கத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற பார்வையில்லாத பெண்கள் இல்லத்தில் ஒரு கட்டில் காலியாகியிருந்தது. சிஸ்டர் இஞ்ஞாசியா சொல்லிவைத்திருந்தபடியால், ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறு வரைக்கும் அதைக் குருசம்மாளுக்காக வைத்திருப்பதாகச் சொன்னார்கள். அதற்கப்புறம் வேறு ஒருத்திக்குப் போய்விடும்.

மரியசூசை அந்தச் சேதியை வீட்டில் சொல்லவில்லை. ரத்தம் எடுக்க வந்த அன்று அடைக்கலமேரியிடம்தான் சொன்னார். "எனக்கு இன்னும் ரெண்டு வருசம் இருக்குன்னா அவள எதுக்கு ஆயாம்மா அங்க கொண்டுபோயி விடணும்? நானே பாத்துக்குவேன். ரெண்டு மாசந்தான்னா இப்பவே விட்டாகணும். நான் நடமாட இருக்கையிலயே அந்த எடத்த அவளுக்குப் பழக்கிக் குடுக்கணும். இந்த நம்பருதான் சொல்லணும், இருபத்தெட்டு வருசம் பிடிச்ச கைய எப்ப விடணும்னு."

நரம்பு கிடைக்கவில்லை. இரண்டு கையிலும் தேடி, மூன்றாவது குத்தில்தான் ரத்தம் வந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சேசுவே, மரியே, சூசையே" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்தச் சோதனை மதராசில்தான் செய்வார்கள். ரத்தத்தைச் சின்னப் பாட்டிலில் அடைத்து, ஐஸ் போட்ட டப்பாவில் வைத்து, காலை முதல் பஸ்ஸில் மதுரைக்கு அனுப்பவேண்டும். அங்கே ஒரு ஆள் வாங்கி ரயிலில் அனுப்புவார். ஆஸ்பத்திரியில் மண்ணெண்ணெய் ஃப்ரிட்ஜ் இருந்தது. அடைக்கலமேரி ஐஸை உடைத்துப் பாட்டிலைச் சுற்றி அடுக்கி, மூடிக் கட்டி, வெள்ளனே பஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் கண்டக்டர் கந்தவேலிடம் கொடுத்தாள்.

கந்தவேல் பழனிக்காரர். நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் பச்சை மப்ளர். யார் எந்தச் சாமானைக் கொடுத்தாலும் தன் வீட்டுச் சாமான் மாதிரி பத்திரமாகக் கொண்டுபோவார். "இது என்னக்கா?"

"சிம்னிக்காரண்ணன் ரத்தம். பத்திரமாக் கொண்டு போங்க தம்பி."

"அட முருகா" என்று இரண்டு கையாலும் வாங்கினார்.

மூன்றாவது வாரம், தவசுக்காலம் தொடங்குகிற விபூதிப் புதனுக்கு முந்தின நாள், மதராசிலிருந்து பதில் வந்தது. ரத்தம் கெட்டுப்போய் வந்திருக்கிறது, சூடு பட்டிருக்கிறது, சோதிக்க முடியாது, மறுபடி அனுப்பவும்.

அடைக்கலமேரி தன் கைத்தவறோ என்று ஐஸ் அடுக்கினதை நினைத்து நினைத்துப் பார்த்தாள். சாயங்காலம் பஸ் நிலையத்துக்கு ஓடினாள்.

"தம்பி, அன்னைக்கி அந்த டப்பாவ எங்க வெச்சீங்க?"

கந்தவேல் பெருமையாகத்தான் சொன்னார். "நல்லாத்தான்க்கா வெச்சேன்! டப்பாவுலருந்து தண்ணி ஒழுகுச்சு. என்னன்னு தெறந்து பாத்தா, அந்தச் சின்னப் பாட்டிலு ஐஸ்க்குள்ள கெடந்து நடுங்குது. எனக்கு மனசு கேக்கல. ஒரு மனுசன் ரத்தமாச்சே, வெரச்சுப் போயிருச்சுன்னா? வெளிய எடுத்து, என் மப்ளர்ல சுத்தி, பானட்டு மேல வெச்சிட்டேன். மதுர வர்றதுக்கு முந்தி மறுபடி டப்பாவுல வெச்சுக் குடுத்துட்டேன்."

டிரைவருக்குப் பக்கத்தில் எஞ்சினை மூடியிருக்கிற அந்தப் பானட்டு ஓரந்தான் மலை பஸ்ஸில் ராஜ இடம். பனிக்காலத்தில் அங்கேதான் வெதுவெதுப்பாக இருக்கும். பிள்ளைத்தாய்ச்சிக்கும் கைக்குழந்தைக்காரிக்கும்தான் அந்த இடம். அடை வைக்கிற முட்டையைக்கூட யாராவது கொண்டுபோனால் அங்கேதான் வைப்பார்கள். குளிரில் வளர்ந்தவர்களுக்கு ஒன்றைப் பத்திரப்படுத்துவது என்றால் சூட்டில் வைப்பதுதான். மலையை விட்டு இறங்கினதும் வத்தலக்குண்டில் வெயில் அடுப்பாக எரிந்ததும், அந்தப் பானட்டு தோசைக்கல்லாக ஆனதும் அவர் புத்தியில் படவில்லை.

ரத்தம் கெட்டுப்போனதையும், அந்த நம்பருக்காகக் காத்திருக்கிற கட்டில் விசயத்தையும் அடைக்கலமேரி சொன்னதும் கந்தவேல் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "புள்ளைய வெக்கிற எடத்துலதானேக்கா வெச்சேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவரைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை.

மறுநாள் கோயிலில் மரியசூசை நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வெளியே வந்தார். "எனக்குப் போயி சாமியாரு சாம்பல் பூசுறாரு பாருங்க. உள்ள இருக்கிறது பத்தாதாம்" என்றார். அடைக்கலமேரி தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவர் கோயில் படியில் கைவைத்து மெதுவாக உட்கார்ந்தார். கோபம் வருமென்று எதிர்பார்த்தாள். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார்.

"இருவது வருசமா அந்த பஸ்ல போறேன். எனக்கு ஒருநாளும் பானட்டு ஓரம் கெடச்சதில்ல. என் ரத்தத்துக்குக் கெடச்சிருச்சு." சிரிப்பு ஓய்ந்ததும் இரண்டு கையையும் நீட்டிப் பார்த்தார். குத்தின இடமெல்லாம் நீலமாக இருந்தது. "மறுபடி குத்தணுமா ஆயாம்மா? அலுப்பா இருக்கு."

மறுபடி குத்தினார்கள். இந்தத் தடவை கந்தவேல் டப்பாவைத் தன் மடியை விட்டு இறக்கவில்லை. வத்தலக்குண்டில் சோடாக்கடையில் பஸ்ஸை நிறுத்தி, புதிதாக ஐஸ் வாங்கிப் போட்டாராம். இறங்கவேண்டிய ஆள்கள் சத்தம் போட்டதற்கு, "ஏலே, இது மனுச உசுருடா" என்று எகிறினாராம். பழனி ஆண்டவருக்கு முடியிறக்குவதாகவும் நேர்ந்துகொண்டார்.

அப்புறம் காத்துக் கிடப்புதான். தவசுக்காலம் ஒவ்வொரு வெள்ளியாகக் கழிந்தது. மரியசூசை சிலுவைப்பாதைக்கு வருவார், நிற்க முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிடுவார். ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்பார். அடைக்கலமேரி தலையை ஆட்டுவாள், வரவில்லை என்று. திரும்பி நடப்பார். அந்தச் சின்ன மேட்டை ஏற இரண்டு இடத்தில் நிற்பார். அவர் முதுகைப் பார்க்கும்போது, வேதனையைவிட அலுப்புதான் மனுசனை முந்திக் கொல்லுமோ என்று அவளுக்குத் தோன்றும். மாதாவுக்கு ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லிக்கொண்டு குழாய் கழுவப் போவாள்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வியாழன். அடைக்கலமேரி கஞ்சி கொண்டுபோனபோது குருசம்மாள் தனியாக இருந்தாள்.

"ஆயாம்மா, அந்த நம்பரு வந்துருச்சா?"

"எந்த நம்பரு?"

"எனக்குக் கண்ணுதான் இல்ல. அவரு மூச்சு எந்த எடத்துல தட்டுது, எந்த எடத்துல நிக்குதுன்னு எனக்குத் தெரியாதா? கந்தவேலு வந்து கால்ல விழாத கொறையா அழுதுட்டுப் போனாரு. கட்டிலு விசயமும் அந்தத் தம்பி வாயாலதான் வந்துச்சு." கஞ்சிக் கிண்ணத்தைத் தடவி வாங்கிக்கொண்டாள். "நம்பரு கம்மியா வந்தா என்னைய வெச்சுக்கலாம்னு இருக்காரு. வெச்சுக்கிறது எனக்காகவா, அவருக்காகவான்னு அவரையே கேளுங்க."

மரியசூசை வாசலில் வந்து நின்றிருந்தார். வந்ததை யாரும் கவனிக்கவில்லை. கரிவாசனை இல்லாததால் அவளுக்கும் தெரியவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். மூச்சு இறங்கக் கொஞ்சநேரம் ஆயிற்று.

"எனக்காகத்தான் குருசு."

அவள் அவர் தலையைத் தேடித் தொட்டாள். "அப்ப நம்பரு என்னத்துக்கு? நீங்க நடமாடயிலயே என்னையக் கொண்டுபோயி விடுங்க. நீங்க போனப்புறம் யாரோ கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயி விட்டா, அந்த வீடு எனக்குப் பிடிபடாது. கயிறு நீங்க கட்டணும். நீங்க கட்டுனாத்தான் நான் நம்பி நடப்பேன்."

அவர் எழுந்து போய்ப் பரணிலிருந்த சிம்னிக் கயிற்றை இறக்கினார். பழசு இல்லை, நல்ல கயிறு. ஆபரேசனுக்கு முந்தி வாங்கி வைத்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பதில் வந்துவிட்டது. சிஸ்டர் இஞ்ஞாசியா படித்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ஆள் அனுப்பினார். மரியசூசை வந்து வாசலிலேயே நின்றார்.

"சிஸ்டர், இப்பச் சொல்லாதீங்க. நாளைக்கி நான் கயிறு கட்டணும். கட்டிட்டு வந்து கேக்கிறேன்."

சனிக்கிழமை காலை பஸ்ஸில் கந்தவேல் பானட்டு ஓரத்து இடத்தில் மப்ளரை மடித்துப் போட்டு, குருசம்மாளைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து உட்கார வைத்தார். "இந்த எடம் சூடாத்தான் இருக்கும்மா. இந்தத் தடவ தப்பில்ல" என்றார்.

"ரத்தத்துக்குக் குடுத்த எடமா தம்பி? அப்ப எனக்கு மருவாதிதான்."

துணைக்குப் போன அடைக்கலமேரி பின்னால் உட்கார்ந்து, கயிற்றுக் கட்டை மடியில் வைத்துக்கொண்டாள். வளைவுகளில் மரியசூசை கண்ணை மூடிக்கொண்டு வந்தார். ஊத்து என்கிற ஊர் தாண்டியதும் கீழிருந்து சூடு ஏறி வந்தது. குருசம்மாள் ஸ்வெட்டரைக் கழற்றினாள். அவள் வாழ்க்கையில் அதைக் கழற்றின நாள் குறைவு.

இல்லத்துத் தாயார் முதலில் கயிற்றைப் பார்த்து யோசித்தார். கால் தடுக்குமோ என்றார். மரியசூசை கும்பிட்டு, "இடுப்பு ஒசரத்துக்குத்தான் கட்டுவேன் தாயே, சுவரோரமாத்தான்" என்றார். கட்டிலிலிருந்து சாப்பாட்டு அறைக்கு ஒன்று. சிரட்டைத் துண்டு. குழாயடிக்கு ஒன்று. சோடா மூடி. சிற்றாலயத்துக்கு ஒன்று, அதில் ஒரு ஜெபமாலை மணி. ஒரு முடிச்சுப் போடுவார், உட்காருவார். அடைக்கலமேரி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மறுபடி எழுந்து ஒரு முடிச்சு. அங்கிருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து தடவிப் பார்த்தார்கள். "இது எங்க போகுது?" "சோத்துக்கு." "அப்ப இத முதல்லயே கட்டியிருக்கலாம்ல!" சிரிப்புச் சத்தம் கேட்டு இன்னும் இரண்டுபேர் வந்தார்கள்.

கடைசியாக வாசல் கேட்டுப் பக்கம், புங்கமரத்தடியில் வெளியாள் வந்தால் உட்காருகிற பெஞ்சுக்கு ஒரு கயிறு கட்டினார். அதன் நுனியில் தன் சிம்னி பிரஷ்ஷிலிருந்து பிய்த்த பனைநார்க் கொத்து ஒன்றைக் கட்டினார். குருசம்மாள் அதை மூக்கருகே கொண்டுபோய் மோந்தாள். முகம் மலர்ந்தது.

"கரிச்சட்டி!"

"ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சு மதியத்துல வருவேன். இதப் பிடிச்சு வந்தா நான் இருப்பேன்."

"வராட்டி?"

"வருவேன்."

அன்று சாயங்காலமே அவர் மலை ஏறினார். மறுநாள் பூசை முடிந்து, கையில் குருத்தோலையோடு சிஸ்டரிடம் போனார். சிஸ்டர் சொன்னார். நம்பர் அறுபதைத் தாண்டியிருந்தது. கழுத்தில் தட்டுப்படுகிற நெறிக்கட்டியும் அதையே சொல்கிறது என்றார்.

"கீழ ஈர வெறகு எரியுது" என்றார் மரியசூசை. பிறகு கேட்டார். "சிஸ்டர், அந்தப் புரதம் இருக்கிற எடம் தெரியுதுல்ல. அதத் தேடிப்போயி அதை மட்டும் அடிக்கிற மருந்து கெடையாதா?"

"அதுக்குத்தான் வெளிநாட்டுல பாடுபடுறாங்க. எலிக்குக் குடுத்துப் பாத்துக்கிட்டிருக்காங்க. மனுசருக்கு இன்னும் வரல. இப்ப இருக்கிற ஊசி நல்லது கெட்டது பாக்காம எல்லாத்தையும் அடிக்கும்."

"சரி, வர்றப்ப வரட்டும். எனக்கப்புறம் சிம்னிக்குள்ள எறங்குறவனுக்கு ஆகும்."

மதுரைக்குப் போய் அந்த ஊசியில் ஒன்று போட்டுக்கொண்டு வந்தார். சோறு தங்கவில்லை. இரண்டாவதற்குப் போகவில்லை. ஆனால் ஞாயிறு தவறவில்லை. கந்தவேல் பானட்டு ஓரத்தை அவருக்கென்று வைத்திருந்தார். சித்திரை வெயிலில் அந்த இடம் கொதிக்கும். அவருக்கோ எப்போதும் குளிர். குருசம்மாள் கயிற்றைப் பிடித்து வந்து பெஞ்சில் உட்காருவாளாம். இரண்டுபேரும் அதிகம் பேசமாட்டார்களாம். அவர் முதுகை அவள் தடவிக்கொண்டிருப்பாளாம். ஒரு ஞாயிறு போய்வந்து சொன்னார்: "எங்கிட்ட நடக்கிறதவிட அங்க வெரசா நடக்கா ஆயாம்மா. எனக்கே பொறாமையா இருக்கு."

ஆடி மாதம் பஸ் ஏற முடியாமல் போனது. பண்ணைக்காட்டில் இருக்கிற அவர் தங்கச்சி, இங்கே குளிரில் தனியாகக் கிடக்கவேண்டாம் என்று ஜீப் கொண்டுவந்தாள். சாரல் விழுந்துகொண்டிருந்தது. சலேத் மாதா திருவிழாவுக்கு இன்னும் கொஞ்சநாள்தான் இருந்தது. இருந்து பார்த்துவிட்டுப் போங்களேன் என்று அடைக்கலமேரி சொன்னாள். மாதாவுக்கு எங்கிருந்தாலும் தெரியும் என்றார். அவள் அவர் வீட்டிலிருந்த அந்தத் தகர டின் நிறையக் கரி எடுத்து, ஜீப்பில் அவர் காலடியில் வைத்தாள். ராத்திரிக்குக் கணப்புப் போட. அவர் டின்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "குப்பையக் கொண்டாந்து கொட்டுறீங்க" என்றார். அவளால் முந்தானையை வாயில் வைத்துக்கொள்ளத்தான் முடிந்தது.

ஜீப்பைக் கிளப்பியபிறகு, நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். அவள் ஓடிப்போய்க் குனிந்தாள். மூச்சு சேர்ந்து வரும்வரைக்கும் காத்திருந்து, அவள் காதோடு சொன்னார்:

"நான் போயிட்டேன்னு சேதி வந்ததும், நீங்க ஒருநடை எறங்கிப்போயி, அந்தப் பெஞ்சுக்குப் போற கயித்த மட்டும் அவுத்துருங்க ஆயாம்மா. இல்லாட்டி அவ ஞாயித்துக்கெழமை தோறும் வந்து உக்காந்துக்கிட்டே இருப்பா."